மாஸ்க் மாமாவின் சாயங்காலப் பூ

ஊர் உலகமெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் வீசிய பிறகும், மாஸ்க் மாட்டிக்கொண்டு பூச்செடி வளர்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ஸ்ரீரங்கத்தில், நாங்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டுக்கு நேர் மேல் ஃபிளாட்டில் இருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் கரண்ட் பில்லுக்கும் கேஸ் சிலிண்டர்காரருக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மாஸ்க் மாமா.

நோய்க்குப் பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை. சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஸ்கள் கக்குகிற புகைக்கு நடுவே, மூக்கை ஹாயாகத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, நெற்றியில் திருமண் கலையாமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, அதற்கப்புறம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார். நல்ல காற்று வருகிற ஒரே இடத்தில் மூக்கை மூடிக்கொள்கிற மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? குடிவந்த புதிதில், காய்ந்த துணி எடுக்கப் போன நான் கேட்டேவிட்டேன்.

"ஏன் மாமா, உடம்பு சரியில்லைங்களா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. பூவுக்காகப் போட்டுண்டிருக்கேன்."

"பூ அலர்ஜியா?"

"எனக்கு ஒண்ணும் அலர்ஜி இல்லை. நான் மோந்து பாத்த பூ பெருமாளுக்கு ஆகாது. அதான்."

சாமிக்கு வைக்கிற பூவை முன்னாடியே மோந்து பார்க்கக் கூடாது என்பது நான் பிறந்த மணப்பாறைப் பக்கமும் தெரிந்த சங்கதிதான். நாங்கள் பூவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வோம், அத்தோடு விஷயம் முடிந்தது. மாமாவுக்கு அது போதவில்லை. ஏனென்றால் அவர் வளர்த்தது, தள்ளிப் பிடித்தால் அடங்குகிற பூ இல்லை.

அது புகையிலைச் செடி. பதற வேண்டாம், வாயில் போடுகிற புகையிலைக்கு இது சித்தப்பா மகள் முறை. பூவுக்காகவும் வாசனைக்காகவும் மட்டும் வளர்ப்பது. பகலில் பார்த்தால் சகிக்காது. இலை பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், பூவெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தண்ணீர் காணாத செடி மாதிரி நிற்கும். வெயில் இறங்கி, கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது பாருங்கள். ஒவ்வொரு பூவாக நிமிரும். நீளக் குழல் நுனியில் ஐந்து வெள்ளை இதழ்கள் மெதுவாகப் பிரியும். அப்புறம் ஒரு வாசனை வரும். ஜாதிமல்லியா என்றால் இல்லை, கிராம்பா என்றால் அதுவும் இல்லை, இரண்டையும் யாரோ தூக்கத்தில் சேர்த்து அரைத்த மாதிரி. தூரத்தில் கோபுரத்து விளக்குகள் ஏறிக்கொண்டிருக்கும், வானம் சிவப்பா நீலமா என்று முடிவு செய்யாமல் இருக்கும், நான் கையில் பாதி மடித்த புடவையோடு எதற்கு மேலே வந்தேன் என்பதே மறந்து நிற்பேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த நாட்கள் உண்டு.

புகையிலை என்ற வார்த்தையை மாமா வாயால் சொல்ல மாட்டார். அவருக்கு அது சாயங்காலப் பூ. மோர்கூடப் புளித்துவிட்டால் தொடாத மனிதர், பெருமாளுக்குப் புகையிலை சாத்தினார் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே.

விதையை பெங்களூரில் இருக்கிற அவர் மருமான் வாங்கி அனுப்பினான். அதை விதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். தூசியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதை மண்ணுக்குள் புதைக்கவும் கூடாது, வெளிச்சம் படுகிற மாதிரி மேலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட வேண்டும். மாமா ஹாலில் உட்கார்ந்து, மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று மாஸ்க் போட்டுக்கொண்டு, பாக்கெட்டைக் காகிதத்தில் கவிழ்த்தார். பாவம் வேர்க்கிறதே என்று மாமி ஃபேனைப் போட்டாள். பாதி விதை அந்த நிமிஷமே ஸ்ரீரங்கத்துக் காற்றோடு கலந்துவிட்டது. மாமா இரண்டு வாரம் மாமியோடு பேசவில்லை. வீடு துடைத்த தண்ணீரை மாமி ஊற்றிய பால்கனித் தொட்டியில் ஒருநாள் பச்சையாக ஏதோ முளைத்த பிறகுதான் சமாதானம் ஆனது.

செடி புகையிலைதான் என்று எப்படியோ எங்கள் வாட்ச்மேன் காதுக்கு எட்டிவிட்டது. வெற்றிலைக்குத் துணை தேடிக்கொண்டிருந்தவர், ஒருநாள் மதியம் ஒரு இலையைக் கிள்ளி வாயில் ஒதுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி, லிஃப்ட் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சேதி கேட்டு ஓடி வந்த மாமா கேட்ட முதல் கேள்வி, "இலையைக் கிள்ளும்போது குனிஞ்சு பூவை மோந்தியா?" என்பதுதான்.

"மனுஷன் மயங்கிக் கெடக்கறான், மோந்தியாங்கறேளே," என்று மாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மோக்கலைங்க சாமி," என்றார் வாட்ச்மேன், கண்ணைத் திறக்காமலேயே. மாமா உடனே வீட்டுக்குப் போய் அவருக்கு மோரும் உப்பும் கரைத்துக்கொண்டு வந்தார்; தெளிந்து எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து விசிறினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தை மாதம் செடிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் பூத்துத் தள்ளின. அன்று எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் மாமாவிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை மொட்டை மாடிக்கு வருகிறவர்கள் தயவுசெய்து ஆழமாக மூச்சு இழுக்க வேண்டாம். கீழ்வீட்டு ரிட்டயர்டு பேங்க்காரர், "மூச்சு விடலாமா?" என்று கேட்டிருந்தார். "தாராளமாக விடலாம், இழுப்பதுதான் கூடாது" என்று மாமா பதில் போட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது.

கடைசியில் மாமிதான் தீர்ப்புச் சொன்னாள். "மூக்கு பூவைத் தேடிண்டு போனாத்தான் தோஷம். வாசனை தானா மூக்கைத் தேடிண்டு வந்தா யார் என்ன பண்றது? வீதியில போறவா மூக்கையெல்லாம் போய்ப் பிடிப்பேளா?" மாமா ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, மற்றவர்களுக்கு விலக்குக் கொடுத்தார். தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

பூ விரிந்த கையோடு பறித்து, சின்ன வெள்ளித் தட்டில் ஏந்திக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே படியிறங்குவார். வீட்டுப் பெருமாளுக்குச் சாத்துவார். சாதத்தை நைவேத்தியமாகக் காட்டிவிட்டு, ஒரு பூவைப் பிரசாதமாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதன் பிறகுதான் மாஸ்க் இறங்கும். ஒரே ஒரு மூச்சு இழுப்பார். கண் மூடிவிடும். அந்த நேரத்தில் குக்கர் விசில், டீவி, தெருவில் ஹாரன் எதுவும் அவர் காதில் விழாது. நாள் முழுவதும் கணக்கு, ஆடிட்டர், மேனேஜர் என்று கசங்கி வந்த முகம், சின்னப் பிள்ளை தூங்கும்போது இருக்குமே, அப்படி ஆகிவிடும். மாமி எனக்கும் ஒரு பூ கொடுப்பாள். அந்த வீட்டு வாசலில் நின்று அந்தப் பூவை மோந்த சாயங்காலங்கள் கனவில் நடந்தவையோ என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

ஆனால் பூவுக்கு எங்களைவிடப் பெரிய எதிரிகள் இருந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் கட்டை விரல் தடிமனுக்கு அந்துப்பூச்சிகள் வரும். பூவில் உட்காராது, அந்தரத்தில் சிறகடித்து நின்றபடியே, சுருட்டி வைத்திருக்கிற நீள நாக்கை நீட்டிக் குழலுக்குள் விட்டுத் தேன் குடிக்கும். பார்க்க அத்தனை அழகு. மாமாவுக்கோ வயிறு எரியும். எச்சில் பட்ட பூவை எப்படிச் சாத்துவது? கொசு அடிக்கிற கரண்ட் பேட்டை எடுத்துக்கொண்டு, ஸ்விட்சைப் போடாமல், வெறுமனே வீசி விரட்டிக்கொண்டு செடிகளைச் சுற்றி வருவார்.

"மல்லியில தேனீ உக்காருதே மாமா, அது எச்சில் இல்லையா?"

"அது நான் பாக்காத நேரத்துல நடக்கறது. இது என் கண் எதிர்லன்னா நடக்கறது?"



இரண்டாம் வருஷம்தான் வினை வந்தது. பழைய பாக்கெட்டில் மிச்சம் இருந்த விதை அத்தனையையும் தூவி முளைக்கவைத்துவிட்டார். போதாதென்று மருமான் புதிதாக ஒரு பாக்கெட் அனுப்பினான். அதில் சிவப்பும் ரோஸுமாகக் குட்டைச் செடிகள் கண்ணைப் பறித்துக்கொண்டு பூத்தன. சாத்திவிட்டு எடுத்து மோந்த மாமாவின் கண் மூடவேயில்லை. "ஒண்ணுமே வரலை," என்றார். மாஸ்க்கே தேவைப்படாத பூ என்று சொல்லி, மாஸ்க்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய வாசனை ரகம் இப்போது அந்தக் கடையில் வருவதில்லை என்று மருமான் சொல்லிவிட்டான். வேறு எங்கெங்கோ கேட்டும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் மாமா விதை எடுக்க நினைத்தார். பழைய ரகத்தில் ஒரு கிளையைப் பறிக்காமல் விட்டு வைத்திருந்தார். பங்குனி வெயில் ஏற ஏறச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. வாசனைச் செடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்த இரண்டு மட்டும் மிச்சம். விட்டு வைத்த கிளையில் ஒரு காயும் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பூவெல்லாம் காம்போட உதுந்துடறது. உரம் பத்தலையோ?"

"அந்தக் கிளையிலயும் பூச்சிய விரட்டுனீங்களா?"

"பின்னே? விடுவேனா?"

"பூச்சி வந்து போனாத்தான மாமா காய் பிடிக்கும். எங்க வீட்டுப் பரங்கிக் கொடியில வண்டு வரலைன்னா எங்கம்மா சாபமே விடுவாங்க."

மாமா பேட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சுத்தம் சுத்தம் என்று காவல் காத்தே அந்தச் செடிக்கு அவர் வாரிசு இல்லாமல் செய்துவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டு செடி, கொஞ்சம் மொட்டு. பறித்தால் பெருமாளுக்கு இன்னும் சில சாயங்காலம் பூ உண்டு, அதோடு சரி. பூச்சிக்கு விட்டால் அத்தனையும் எச்சில்.

"காது குடையற பஞ்சுக்குச்சி புதுசா வாங்கி, நீங்களே இந்தப் பூவுக்கும் அந்தப் பூவுக்கும் தொட்டு விடுங்களேன்," என்று வழி சொன்னேன்.

"காதுக்குன்னு பண்ணின வஸ்துவைப் பெருமாள் பூவுக்குள்ள விடச் சொல்றேளா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனுஷனோடு மாமி எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்தச் செடிக்குக் காய் பிடித்ததையும், நாங்கள் தென்னூருக்கு வீடு மாறியபோது மாமி ஒரு சிட்டிகை விதையை மடித்துக் கொடுத்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னால் மறக்க முடியாதது அதற்கு முந்தைய ஒரு சாயங்காலம்.

கோபமாக இறங்கி வந்தேனே, அதற்கு மறுநாள். துணி எடுக்க மேலே போனேன். இரண்டு செடியிலும் பூ விரிந்திருந்தது. மாமா மாஸ்க் இல்லாமல், வெறும் கையோடு, தொட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். வெள்ளித் தட்டைக் காணோம். ஒரு பெரிய அந்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போய், அந்தரத்தில் நின்று, அவசரமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. நான் துணிக்கொடிப் பக்கம் போகக் காலெடுத்து வைத்தேன். மாமா கையைக் காட்டித் தடுத்தார்.

"சித்த இருங்கோ. சாப்பிட்டுண்டிருக்கு," என்றார், இலையில் உட்கார்ந்த விருந்தாளிக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற குரலில்.

நின்றேன். இருட்டும் வாசனையும் சேர்ந்து எங்கள் இரண்டு பேரையும் மூடிக்கொண்டு வந்தது. மெதுவாகக் கேட்டேன்.

"பெருமாளுக்கு இன்னைக்கு என்ன மாமா?"

"துளசிதான்."

"அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

பூச்சியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மாமா சொன்னார். "ஆத்துக்கு ஒருத்தர் சாப்பிட வந்துட்டார், அதான் நாழியாயிடுத்துன்னு சொல்லுவேன்."

கீழே போய் அதையே அவர் சொல்லியிருப்பார், பெருமாளும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அந்த மனுஷனுக்காக என்றால் நானும் காத்திருப்பேன்.