கரிக்கோட்டுக்குள் கை வைக்காதீர்கள்

இது என் கதைதான். ஆனாலும் இதன் முக்கியமான பகுதி நடந்தபோது நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு அடுத்த வீட்டு ஹாஜரா பீவி சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். கூட்டவில்லை. குறைக்க ஆசை வந்தது, குறைக்கவும் இல்லை.

1963, வைகாசி. தென்காசியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் அடுப்படி மட்டும் ஒரே இருட்டு. புகை வெளியே போக வழி தெரியாமல் எங்களோடு குடியிருந்தது. என் மனைவி உலகம்மை மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் கேட்டாள். மறுத்துவிட்டேன். காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். அந்தப் பட்டம் கண்ணாடி போட்டு, அடுப்படி வாசலுக்கு நேர் எதிரே கூடத்தில் தொங்குகிறது.

“மேக்கே ஜன்னல் வச்சா குத்தாலத்துச் சாரல் நேரா உள்ள வரும். பட்டம் நமத்துப் போகும்.”

“நமத்துப் போக அது என்ன அப்பளமா?”

“யுனிவர்சிட்டி முத்திரை இருக்கு, உலகம்மை.”

“எனக்குக் கண்ணு ரெண்டு இருக்கு. தெனமும் புகையில வேவுது.”

அப்போதுதான் அந்த மகத்தான தீர்மானத்தைச் செய்தேன். ஜன்னல் கிடையாது, சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ்! கரி படிந்தால் ஈரத்துணியால் ஒரே துடைப்பு. உலகம்மை ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“சரி, உங்க இஷ்டம்.”

கல்யாணமான இரண்டு வருடத்தில் அவள் இப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். மகிழ்ந்துவிட்டேன்.

கொத்தனார் பலவேசம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“இப்படியே பதிச்சா டைல்ஸ் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும் சார், சுவரைப் பிடிக்காது. கரியும் வெள்ளையும் போகச் சொரண்டிட்டு, அம்மி கொத்துத மாதிரி பூராவும் கொத்திவிடணும். எனக்கு இப்ப ஒழிவில்ல. சீசனுக்குள்ள குத்தாலத்துல ஒரு லாட்ஜு வேலையை முடிக்கணும். திங்கக்கிழமை பதிக்க வாரேன். அதுக்குள்ள யாரையாவது வச்சுக் கொத்திருங்க.”

“யாரையாவது எதுக்கு? நானே கொத்துறேன்.”

பலவேசம் என் கையைப் பார்த்தார். பிறகு உலகம்மையைப் பார்த்தார். “நல்லது சார்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேட்டியை மடித்துக் கட்டி, உளியும் சுத்தியலுமாக அடுப்படிக்குள் நுழைந்தேன். மேற்குச் சுவரின் நடுவில் கரித்துண்டால் பெரிய கட்டம் ஒன்று போட்டிருந்தது.

“இது என்ன?”

“அந்தக் கோட்டுக்குள்ள மட்டும் கை வைக்காதீங்க. அங்கன செங்கல் ஆடுது. அது வேலை தெரிஞ்சவுக செய்யுதது. பலவேசம் அண்ணாச்சி வந்து பாத்துக்கிடுவாக.”

“பி.ஏ. படிச்சவனுக்கு ஒரு செங்கல் தெரியாதா?”

“பேனா பிடிச்ச கை. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு. நான் ஹாஜராக்கா வீட்டுல இருக்கேன்.”

போய்விட்டாள். நான் நியாயமாகக் கோட்டுக்கு வெளியேதான் ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் பொறுத்தேன். பிறகு உள்ளே இறங்கினேன்.

இனி ஹாஜரா பீவி சொன்னது. சத்தம் கேட்டு அவர் பதறியிருக்கிறார்.

“ஏட்டி, ஒம் மாப்பிள்ளை வீட்டையே இடிக்குதாரு. போய்ப் பாரு!”

“இருங்கக்கா, இன்னும் வெளியதான் கொத்துதாக. சத்தம் கெட்டியா இருக்குல்லா?”

கொஞ்ச நேரத்தில் டொக் டொக் என்பது டொம் டொம் என்று மாறியதாம்.

“இந்தா, உள்ள வந்துட்டாக” என்று உலகம்மை இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டாளாம்.

இந்தப் பக்கம் ஒரு செங்கல் அசைந்தது. அடுத்த அடியில் காணாமல் போனது. போன வழியே வெளிச்சம் வந்தது, காற்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓட்டை கோணலாக இருந்தது. படித்தவன் ஒரு வேலையைக் கோணலாக விடலாமா? கோட்டைப் பிடித்து நேராக உடைத்து முடித்தேன்.

“அய்யய்யோ!” என்று உலகம்மை ஓடி வந்தாள்.

“ஒரு கோடு தாண்டல, பாத்தியா?”

“எந்தக் கொத்தனாருக்கு இவ்வளவு நேரா உடைக்க வரும்!”

என் நெஞ்சு அந்த ஓட்டையை அடைக்கும் அளவுக்கு விரிந்தது.

மறுநாள் பலவேசம் வந்தார். “முந்தி ஜன்னல் இருந்த எடம் சார் இது. யாரோ அடைச்சிருக்காக. மேல தாங்குகல்லு அப்படியே கெடக்கு. ஒரு ஜன்னல் கெடைச்சா நிறுத்திட்டுச் சுத்தி டைல்ஸ் பதிச்சிரலாம்.”

“திடீர்னு ஜன்னலுக்கு எங்க போறது?”

“பேச்சிமுத்து ஆசாரிகிட்ட வேணா கேட்டுப் பாப்போமா?” என்றாள் உலகம்மை.

அரைமணியில் ஜன்னல் வந்தது. வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. என் உளியின் நேர்த்தி அது என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். டைல்ஸ் பளபளத்தது. புகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது. ஆனியில் சாரலும் வந்தது. பட்டம் நமக்கவில்லை. அதை உலகம்மை, நான் கொத்துவதற்கு முந்தின சனிக்கிழமையே கிழக்கு அறைக்கு மாற்றியிருந்தாள்.

பிறகு பேச்சிமுத்து ஆசாரியிடம் விசாரித்தேன். நான் உளியைத் தொடுவதற்கு எட்டு நாள் முன்பே, அந்த ஜன்னலுக்கு அவர் வார்னிஷ் அடித்து முடித்திருந்தார்.