அப்பா இருக்கும்போதே எடுத்த மீசை

மீசை தன் சொந்தச் சொத்து என்று நினைக்கும் ஆண்கள் எங்கள் ஊருக்கு வந்து ஒருநாள் தங்கவேண்டும். இங்கே அது குடும்பச் சொத்து. அப்பா கண்ணை மூடினால்தான் மகன் அதில் கத்தி வைக்கலாம்.

தஞ்சாவூரில் நான் சிறப்புக் கல்வி படித்தேன். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் படிப்பு. வகுப்பில் ஏழு பேர். ஆறு பேர் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள்; ஏழாவது ஆளான எனக்கும் கிடைக்கவில்லை. ஊரில் எங்கள் நிலத்துக் குத்தகைக்காரர்களோடு தகராறு முற்றியிருந்த காலம். "ஊமைக்குப் பாடம் சொல்ல ஒரு படிப்பா?" என்று அப்பா ஒரே முறை கேட்டார். அதோடு சரி. விடுதி அறையில் கண்ணாடி முன் உதட்டசைத்துப் பழகுவேன். அந்த வருடம் நான் அதிகம் பேசியது அந்தக் கண்ணாடியோடுதான்.

செய்முறைத் தேர்வுக்கு முதல்நாள், காது கேளாத எட்டுப் பிள்ளைகள் முன் ஒத்திகை. ஒரு கதிரைக் காட்டி, "இது நெல்" என்றேன். எட்டுப் பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில் ஒரு சிறுமி எழுந்து வந்து, என் மீசையை விரலால் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"உதடு எங்க இருக்கு தம்பி?" என்றார் பேராசிரியை. "புள்ளைங்க எதைப் பாத்துப் புரிஞ்சிக்கும்? நாளைக்கும் இதோட வந்தீங்கன்னா ஃபெயில்தான்."

அன்று மாலையே எடுத்தேன். மறுநாள் எட்டுப் பேரும் "நெல்" என்றார்கள். நான் சொன்னதை ஒரு கூட்டம் கவனித்தது அதுதான் முதல்முறை. அந்த மிதப்பில் மேலுதட்டை மறந்து ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

இறங்கியதும் டீக்கடையே எழுந்து நின்றது.

"நல்லாத்தானேப்பா காலைல வாய்தாவுக்குப் போனாரு?" என்று கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா நிலவழக்குக்காகத் தஞ்சாவூர் போயிருந்தது எனக்குத் தெரியாது.

"வழியிலயே மடக்கிட்டானுவளா?" என்று பெரியப்பா மகன் கம்பைத் தேடினான்.

"பரீட்சைக்காக எடுத்தேன்" என்று கத்தினேன். அதற்குள் அத்தை ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தத்தில் ஊருக்கே காது கேட்கவில்லை. உதட்டைப் படிக்கத் தெரிந்தவர்களும் யாருமில்லை. கம்போடு நாலு பேர் குத்தகைக்காரர்கள் தெருவுக்குக் கிளம்ப, எதிரே அப்பாமீது வழக்குப் போட்ட குத்தகைக்காரரே மாலையோடு வந்தார்.

அடுத்த பஸ்ஸில் அப்பா இறங்கினார்.

"யாருக்குய்யா மாலை?"

எல்லோரும் என் மேலுதட்டைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். கம்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவர் ஒன்பது மாதம் என்னோடு பேசவில்லை. வாயசைவைப் படிக்க நான் பட்டம் வாங்கியிருந்தேன். அவர் வாயைத் திறந்தால்தானே.

என்னிடம் படித்த பிள்ளைகளுக்காக அப்புறம் நான் மீசை வளர்க்கவே இல்லை. அப்பா நிஜமாகவே போனபோது எடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

இப்போது எனக்கே காது போய்விட்டது. வீட்டில் நானும் மூன்று மின்விசிறிகளும்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரன் வருவான், முகமெல்லாம் தாடியும் மீசையுமாக. அவன் பேசுவதில் பாதி பிடிபடாது.

"உதடே தெரியலடா. அந்த மீசையை எடேன்" என்பேன்.

அவன் சிரித்துக்கொண்டே ஃபோனைத் திருப்பி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகனைக் காட்டுவான். "அப்பா நல்லாத்தானே இருக்காரு, தாத்தா?"

வாராவாரம் சொல்வதால், அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு உதடு தெரியாமலே புரியும்.