இழுப்பு வந்த மடிக்கணினியும் அப்போத்திக்கரியும்

சாகக் கிடந்த ஒரு மடிக்கணினியை ஐந்து வருடம் உயிரோடு வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் திருகோணமலையில், எங்கள் அலுவலகத்தில், எனக்கு எதிர்மேசையில் இருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளத்தாளில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் அப்போத்திக்கரி.

அப்போத்திக்கரி என்றால் எங்கள் பக்கத்தில் முழு டொக்டர் ஆகாத, ஆனால் முழு டொக்டரை விடத் துணிச்சலாக மருந்து கொடுக்கிற ஆள். இவர் மனிதருக்கு மருந்து கொடுத்தவர் அல்லர். வள்ளத்து இஞ்சின் திருத்துகிறவர். ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட ஒரு ஸ்டெதஸ்கோப்பை எங்கேயோ தேடிப் பிடித்திருந்தார். அதை இஞ்சினில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “கொஞ்சம் பிந்திக் கொண்டு வந்திட்டியள்” என்பார். அதைக் கேட்டு இரண்டு மீனவர்கள் அழுததாகக் கதை உண்டு.

இஞ்சின் பூட்டிக் கடலுக்குப் போகத் தடை வந்த நாட்களில் அவருடைய தொழில் படுத்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் ஜெனரேற்றர் பார்க்க வந்தார். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த சனங்களுக்குப் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் எடுத்துக்கொடுக்கிற சின்ன அலுவலகம் அது. நான்கு கதிரை, ஓர் அலுமாரி, ஒரு மடிக்கணினி. அந்த மடிக்கணினியைக் கண்ட நாளில் இருந்து அவர் ஜெனரேற்றரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும். பொத்தானை அமத்திவிட்டு நீங்கள் எழும்பிப் போய், முன்கடையில் பிளேன்ரீ குடித்து, கடைக்காரரோடு நாட்டு நிலைமை கதைத்து, திரும்பி வந்து கதிரையில் இருக்கும்போதுதான் அது கண்ணைத் திறக்கும். உள்ளே இருந்த விசிறி நெல்லுக் குத்துகிற மில்லைப் போலச் சத்தம் போடும். தொலைபேசியில் பேசுகிறவர்கள், “என்ன, அங்க ஹெலி இறங்குதோ?” என்று விசாரிப்பார்கள்.

அப்போத்திக்கரி காலையில் வந்ததும் முதல் வேலையாக அதன் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். “இரவு மூச்சு இழுத்திருக்குது, தம்பி. இண்டைக்குக் கனக்க வேலை வாங்காதேங்கோ” என்பார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உடம்பு முழுக்கத் துடைத்துவிடுவார். துடைத்துத் துடைத்து, விசைகளில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோயின. அடியில் ஒட்டியிருந்த இலக்கத் தாளும் வெள்ளையாகிவிட்டது. எந்த விசைக்குள் எந்த எழுத்து இருக்கிறது என்பது ஆண்டவனுக்கும் அப்போத்திக்கரிக்கும் மட்டும் தெரியும்.

அதனால் மடிக்கணினி எங்கே போனாலும் அவரும் போகவேண்டும். அது அடிக்கடி போன இடம் அந்தப் பக்கம். சமாதானம் என்று பெயர் வைத்திருந்த காலம் அது. ஆனாலும் மூதூருக்கு அப்பால் வெருகல் வரைக்கும் இயக்கத்தின் கையில் இருந்த ஊர்கள் வேறொரு நாடு போலத்தான். ஜெற்றியில் லோஞ்ச் படகு ஏறி மூதூரில் இறங்குவோம். அங்கே நிற்கிற எங்கள் பிக்கப்பை நான் ஓட்டுவேன். பிறகு ஆமியின் சோதனைச்சாவடி வரும். வாகனத்தில் பூட்டியிருப்பதைத் தவிர, அதைத் தாண்டிப் பற்றரி கொண்டுபோகக் கூடாது. ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றரிகூடக் கூடாது. எங்கள் மடிக்கணினியின் பற்றரி எப்போதோ செத்து, கழற்றி எறியப்பட்டுவிட்டது. பிக்கப் இஞ்சினில் இருந்து வயர் இழுத்து, மரநிழலில் வைத்துச் சனங்களின் விபரம் பதிவோம். நோயாளி என்பதாலேயே அதற்கு அனுமதி கிடைத்தது.

சாவடியில் இருந்த சார்ஜன்ட் நல்ல மனிதர். கொஞ்சம் தமிழ் கதைப்பார். உள்ளே குண்டு இல்லை என்று பார்க்க ஒவ்வொரு முறையும் மடிக்கணினியைப் போடச் சொல்வார். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு அடி பின்னால் போனார். பிறகு பழகிவிட்டது, புதிதாக வந்த சிப்பாய்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். இலக்கத் தாள் அழிந்திருந்தபடியால் தன் புத்தகத்தில் சிங்களத்தில் இப்படி எழுதிவைத்திருந்தார்: சத்தம் போடுகிற பழைய கொம்பியூட்டர் ஒன்று, அதை இயக்குகிற ஆள் ஒன்று, சாரதி ஒன்று.

அதை இயக்குகிற அந்த ஆளுக்கு அங்கே போக ஒரு காரணம் இருந்தது. அப்போத்திக்கரியின் ஒரே மகள் இலங்கைத்துறையில் மீன்பிடிக்கிற ஒருவரைக் கட்டியிருந்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிள்ளைப் பேறு பெண்ணைப் பெற்ற வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் அவள் வெளியே வரப் பாஸ் வேண்டும், பாஸ் எடுக்க அடையாள அட்டை வேண்டும், அவளுடைய அட்டை இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. புதிய அட்டைக்கு எங்கள் அலுவலகமே அனுப்பிய விண்ணப்பம் கொழும்பில் ஒரு மேசையில் தூங்கியது. தாய் இல்லாத பிள்ளை. “அவள் வரேலாது எண்டால் நான் போகவேணும் தம்பி. பக்கத்தில ஆரும் வேணுமெல்லே” என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பில் இருந்து புதிய மடிக்கணினி வந்து இறங்கியது. எங்கள் பொறுப்பாளர் கண்டிப்பான பெண்மணி. எல்லோருக்கும் அவர் மிஸ். பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு, பழையதை அடுத்த லொறியில் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார். அப்போத்திக்கரி எழும்பினார்.

“மிஸ், ஒரு ஆளுக்கு இழுப்பு எண்டால் வைத்தியம் பாக்கிறதோ, ஆளை மாத்திறதோ?”

“அண்ணை, அது ஆளில்லை. மெசின்.”

“நீங்கள் அதோட பழகேல்ல மிஸ்.”

“பழகத் தேவையில்லை. அது போடுற சத்தத்தில எனக்குத் தலையிடி. ஒரு கடிதம் அடிக்க அரை நாள். புதுசில எழுத்தெல்லாம் வடிவாத் தெரியுது. இனித் தம்பி தனியப் போனாலும் காணும், ரெண்டு பேர் தேவையில்லை.”

அந்தக் கடைசிச் சொல்லில் அப்போத்திக்கரி வெளிறிப்போனதை நான் பார்த்தேன். புதிய மெசினுக்குப் புதிய அனுமதி எடுக்க மூன்று மாதம் செல்லும். எடுத்தாலும் அதில் அவர் பெயர் இருக்காது.

“ஒரு கிழமை தாங்கோ மிஸ். சத்தமும் இருக்காது, சுணக்கமும் இருக்காது. இருந்தால் நானே லொறியில ஏத்திவிடுறன்.”

மிஸ் ஒரு கிழமை கொடுத்தார். அப்போத்திக்கரி வெள்ளைத் துணி விரித்து, மடிக்கணினியைக் குப்புறப் படுக்கவைத்து வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்து ஒரு சிரட்டை கடற்கரை மண், என்னுடைய மத்தியானச் சோற்றில் மூன்று பருக்கை, குடியும் குடித்தனமுமாக ஓர் எறும்புக் கூட்டம் எல்லாம் வந்தன. எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதி யன்னலுக்கு வெளியே அனுப்பினார். பருக்கைகளை எடுத்து என் மேசையில் சாட்சிக்கு வைத்தார். விசிறியின் அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். ஐந்து வருடத்துக் கோவைகளில் தேவையில்லாததை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் அழித்தேன். அந்தக் கிழமை முழுக்க அவர் அலுவலகத்தில் யாரையும் செருப்போடு நடக்க விடவில்லை.

ஏழாம் நாள் பொத்தானை அமத்தினார். பிளேன்ரீ குடிக்க எழும்பிய நான் பாதி எழும்பிய நிலையில் நின்றேன். அது அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டது. சத்தம் என்று ஒரு மூச்சுக்கூட இல்லை. அலுவலகத்தில் சுவர் மணிக்கூடு இருந்தது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. மிஸ் மடிக்கணினியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, புதியதைத் தன் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அப்போத்திக்கரி கதிரையில் இருந்து அன்று முழுக்கச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து இலங்கைத்துறையில் இருந்து மீன் கொண்டு வந்த வியாபாரி ஒருவர் செய்தி கொண்டுவந்தார். நாள் கிட்டிவிட்டது, பிள்ளைப்பேற்று நோ எந்த நேரமும் வரலாம், அப்பாவை வரச்சொல்லட்டாம். அடுத்த நாள் முதல் லோஞ்சில் நானும் அவரும் ஏறினோம்.

சாவடியில் சார்ஜன்ட் வழமை போலச் சிரித்துக்கொண்டு வந்தார். புதிய சிப்பாய்கள் இரண்டு பேரையும் சத்தம் கேட்கக் கூட்டி வந்திருந்தார். அப்போத்திக்கரி பிக்கப்பில் வயரைக் கொழுவி மடிக்கணினியைப் போட்டார். சார்ஜன்ட் காத்திருந்தார். பிறகு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பைக் காணவில்லை.

“இது வேற” என்றார்.

“அதுதான் சேர் இது.”

“அது சத்தம். இது சத்தம் இல்லை. வேற.”

அப்போத்திக்கரி என் காதுக்குள், “பாத்தியளே தம்பி, திருத்தினது எண்டு ஆமிக்காரனே நம்புறானில்லை” என்றார். அப்படி ஒரு பெருமை. சார்ஜன்ட் தன் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். சத்தம் போடுகிற பழைய கொம்பியூட்டர் ஒன்று. அதற்கு மட்டும்தான் அனுமதி. வேறு மெசினைக் கொண்டு வந்து ஏமாற்றுகிறோம் என்று நினைத்துவிட்டார். இலக்கத்தைக் காட்டலாம் என்றால் இலக்கம் இல்லை. அதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தவர் இவர்தான்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வாழ்நாளிலேயே செய்த திறமான வைத்தியம், அவருக்கும் மகளுக்கும் நடுவில் கட்டையாக விழுந்து கிடந்தது. அந்த முகத்தை எனக்கு இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பிறகு சட்டைப் பையில் இருந்து திருப்புளியை எடுத்தார்.

“சேர், அஞ்சு நிமிசம் தாங்கோ. இதுக்குத் திரும்ப இழுப்பு வரப்பண்ணிக் காட்டுறன்.”

சார்ஜன்டுக்கு என்ன விளங்கியதோ தெரியாது; தலையாட்டினார். மருதமரத்துக்குக் கீழே எல்லோரும் சுற்றி நிற்க, அப்போத்திக்கரி மடிக்கணினியின் வயிற்றைத் திறந்தார். என்னுடைய லோஞ்ச் ரிக்கெற்றை வாங்கி மடித்து விசிறிக்குப் பக்கத்தில் செருகினார். சிட்டுக்குருவி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. சார்ஜன்ட் தலையை ஆட்டினார்.

“இல்லை. அது பெரிசு.”

இரண்டாவதாக ஒரு மருத இலை. அது இருமிவிட்டு ஓய்ந்தது. அப்போத்திக்கரி வேறு ஏதும் அகப்படுமா என்று சட்டைப் பையெல்லாம் தடவினார். சார்ஜன்ட் அதைப் பார்த்தார். பிறகு தன்னுடைய சிகரெட் பெட்டியின் மூடியைக் கிழித்து நீட்டினார். அதைச் செருகியதும் மில் ஓடத் தொடங்கியது. ஆனால் சார்ஜன்டுக்கு இன்னும் திருப்தி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையால் காட்டினார்.

“கொஞ்சம் கூட. கூட. இல்லை, இப்ப கூடிப்போச்சு. குறை. ஆ, இப்ப சரி. இதுதான் அது.”

பையைச் சோதிக்கிற சிப்பாய் மடிக்கணினிப் பைக்குள் இருந்து உள்ளி, மிளகு, மஞ்சள், கொத்தமல்லி என்று பொட்டலம் பொட்டலமாக எடுத்து வைத்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்கு அரைக்கிற சரக்கு. சார்ஜன்ட் ஒரு பொட்டலத்தை எடுத்து மணந்து பார்த்தார்.

“மகள்?” என்றார்.

“ஓம்.”

பொட்டலங்களைத் தானே பைக்குள் திரும்ப வைத்து, பாதையை மறித்திருந்த தடியைத் தூக்கிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நோ தொடங்கியிருந்தது. மருத்துவிச்சி உள்ளே இருந்தார். அப்போத்திக்கரி வெளியே பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார்; ரயரை உதைத்துப் பார்த்தார்; எண்ணெய் பார்த்தார்; சரியாக இருந்த கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பின்னேரம் நாலு மணிபோல் உள்ளே பிள்ளை அழுதது. அவர் நின்று, கண்ணை மூடி, முழுக்கக் கேட்டார்.

“நெஞ்சு நல்ல சுத்தம்” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அன்றைக்கே திரும்பவேண்டும் என்பது அனுமதியின் சட்டம். உள்ளே போய் மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வந்தவர், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“தம்பி, மெசின் பழுதாப்போச்சு. அசைக்கேலாது. இஞ்ச வைச்சுத்தான் திருத்தவேணும். ஒரு பத்து நாள் செல்லும்.”

நான் தனியத் திரும்பினேன். மெசின் பழுது என்று சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் அதை அப்படியே புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் காலை மிஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று, முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு அதையே சொன்னேன்.

“மெசின் பழுதாப்போச்சு மிஸ். அண்ணை அங்கயே நிண்டு திருத்துறார். பத்து நாள் செல்லுமாம்.”

மிஸ் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தில் இருந்து தலையை எடுக்கவில்லை.

“என்ன பிள்ளை?”

“என்ன மிஸ்?”

“ஆணோ பெண்ணோ எண்டு கேட்டனான்.”

“பெண், மிஸ்.”

அவர் அந்த வரியை எழுதி முடித்தார். “பத்து நாள் காணுமோ?” என்றார்.

பதினான்காம் நாள் ஜெற்றியில் லோஞ்சுக்காகக் காத்து நின்றேன். அப்போத்திக்கரி தாடியோடு இறங்கினார். சட்டையில் வசம்பு மணந்தது. மடிக்கணினிப் பையை என் கையில் தந்தார்.

“தம்பி, நான் பாக்கவேண்டியதைப் பாத்திட்டன். மிஸ் இனி இதை மாத்திறதெண்டால் மாத்தட்டும். எனக்கு ஒண்டுமில்லை.”

“அண்ணை, பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்கிறதெல்லே. அதுக்கு ஆர் போறது?”

அவர் கையை நீட்டி, பையை என்னிடம் இருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. எங்கள் ஊர் ஆண்களுக்கு அது வராது. அவருடைய உடுப்புப் பையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அலுவலகம் வரைக்கும் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன்.