மடிக்கணினி, குமாரி காவ்யா, தொடர்பாக

சுப்ரமணியன் சாரை கோகுல்நாத் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். கோகுல்நாத் வேலை பார்க்கும் கோர்படி அரசாங்கக் கிடங்கில் கொள்முதல் பிரிவை முப்பது வருஷம் ஆண்ட மனிதர். மூக்குக் குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "கோகுல், இந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை கொட்டேஷன் வாங்கினாங்க?" என்றார்.

"பக்கத்துல இருக்குன்னு நேரா இங்கேயே சேர்த்துட்டாங்க சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். கோகுல்நாத்துக்கு உண்மை தெரியும்.

ஆகவே, பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் காவ்யா லேப்டாப் கேட்டபோது அவர் கடைக்குப் போகவில்லை. வானவடி ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில் ஒரு கோப்பைத் திறந்தார்.

காவ்யாவுக்கோ அவசரம். தீபாவளி லீவில் பள்ளிகளுக்கிடையே கேம் போட்டி. "மெஷின் இல்லேன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று குழுத்தலைவி கீர்த்தி சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்தது அம்மா பானுவின் விரிசல் விட்ட போன் ஒன்றுதான்.

"எதுக்காகத் தேவை?" என்றார் கோகுல்நாத், பேனாவைத் திறந்து.

"அரே அப்பா, கேம் ஆடத்தான்."

"அதைக் கோப்புல எழுத முடியாதும்மா. உண்மையை எழுதினா ஆட்சேபணை வரும்."

நோக்கம்: கல்வி, என்று எழுதினார். கிராபிக்ஸ் கார்டு எதற்கு? 'உயிரியல் பாடப் படங்களைத் துலக்கமாகக் காணும் பொருட்டு.' கீபோர்டில் விளக்கு எதற்கு? 'மின்தடைக் காலங்களில் கல்வி தடைப்படாதிருக்க.'

"நான் பயாலஜியே எடுக்கலையே!"

"கோப்பு எடுத்திருக்கு."

கேம்ப் பகுதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சலீம், விலையை எழுதிக் கொடுத்தார். "விதிப்படி மூணு கொட்டேஷன் வேணும், இன்னும் ரெண்டு கடையில வாங்கணும்" என்று கோகுல்நாத் கிளம்பினார்.

"எதுக்கு சார் வெயில்ல?" இழுப்பறையிலிருந்து வேறு இரண்டு பெயர்களில் லெட்டர்ஹெட் எடுத்து, சலீம் அதே பேனாவால் எழுதினார். "உங்க ஆபீஸுக்கு இத்தனை வருஷமா அந்த மூணு பேரும் நான்தானே."

கோகுல்நாத் உட்கார்ந்துவிட்டார். "மூணு பேருக்கும் தனித்தனியா தீபாவளி வாழ்த்து அனுப்பிட்டிருக்கேனே!"

"மூணும் வந்துது சார். ரொம்ப சந்தோஷம்."

மூன்றில் விலை குறைந்தது கிராபிக்ஸ் கார்டே இல்லாத சாதா லேப்டாப். குறைந்த விலைக்குத்தான் ஆர்டர் என்பது விதி.

"இதுல கேம் திறக்கக்கூட செய்யாது!" என்றாள் காவ்யா.

"கல்விக்குத்தானே? கல்விக்கு இது போதும்."

"கல்வின்னு எழுதினதே நீங்கதான்!"

"எழுதும்போது நான். இப்போ அது கோப்பு."

பானு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் மூணு இடம் பார்த்துட்டுத்தான் வந்தேன்னு சொன்னீங்க. குறைஞ்ச விலை நான்தானா?"

கோகுல்நாத் அந்தக் கேள்வியைப் பரிசீலனையில் வைத்தார்.

மறுநாள் காவ்யாவே சலீம் கடைக்குப் போய் அழாத குறையாக நின்றாள்.

"எது ஜெயிக்கணும்னு முதல்லயே சொல்ல வேண்டாமா பேட்டா?" என்று அவர் மூன்று தாள்களையும் புதிதாக எழுதினார். இந்த முறை கேம் ஆடுகிற லேப்டாப்தான் மூன்றிலும் விலை குறைவு. கோகுல்நாத்துக்குத் திருப்தி. 'போட்டி ஆரோக்கியமாக நடைபெற்றது' என்று குறிப்பெழுதினார்.

மிச்சம் ஒரு கையெழுத்துதான். பரிந்துரைத்தவரே ஒப்புதல் தரக்கூடாது. பானுவைப் போடச் சொல்லலாமென்றால் அவள் பயனாளரின் தாய். எனவே, தவறு நேர்ந்துவிடக்கூடாதே என்று, கோப்பைக் கிடங்குக்கே எடுத்துப்போய், புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி ஹரீஷின் மேஜையில் வைத்தார்.

ஹரீஷ் ஒரு நாளைக்கு நூறு கோப்பு பார்ப்பவர். 'எண்ணிக்கை: ஒன்று' என்ற இடத்தில் மட்டும் கண் நின்றது. நாற்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்று வாங்கினால் சண்டை வருமே! ஒன்றை அடித்து நாற்பது என்று திருத்தி, கையெழுத்திட்டார்.

"இது நம்ம வீட்டுக்குன்னு அப்பவே சொல்ல வேண்டியதுதானே அப்பா?" என்றாள் காவ்யா, அன்று சாயங்காலம்.

"கையெழுத்து ஆனப்புறம் என்னம்மா சொல்றது?"

"சரி, கோப்பு இல்லாமலே எனக்கு ஒண்ணு வாங்குங்க."

கோகுல்நாத் மகளைப் பார்த்த பார்வையில் சுப்ரமணியன் சார் தெரிந்தார். கோப்பு இல்லாமலா?

தீபாவளிக்கு முந்தின வாரம் நாற்பதும் கிடங்குக்கு வந்து இறங்கின. போட்டியில் காவ்யாவின் இடத்தில் வைஷு என்ற பெண் ஆடினாள். காவ்யா போனின் விரிசலுக்கு அந்தப் பக்கமாக அதைப் பார்த்தாள். சலீம் மூன்று பெயரிலும் தீபாவளி வாழ்த்து அனுப்பினார்.

பெட்டிகள் இன்னும் கிடங்கில் இருக்கின்றன. கோப்பில் உள்ளபடியே ஒவ்வொன்றின் மேலும் 'குமாரி காவ்யாவின் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்தப் பெயரில் அங்கே ஊழியர் யாரும் இல்லாததால், நாற்பதில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.