ஏழாம் நம்பர் ஸ்லைடு

மடிப்பு அண்ணன் கண்ணுக்குத் தப்பிய மடிப்பு இந்த உலகத்தில் இன்னும் விழவில்லை. கல்யாணப் பந்தியில் வாழை இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். "ஓரத்துல ரெண்டு மடிப்புங்க" என்று பரிமாறுகிறவரிடம் புகார் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். மணப்பெண் புடவையை மட்டும் மன்னித்தார். "அது வேணும்னே வெச்சதுங்க."

அவர் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரர். நான் மலைமேல் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். லேப் வேறு வேறு, தொழில் ஒன்றுதான். உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பது. பல லேப்கள் தங்கள் ஸ்லைடுகளை எங்கள் தரக் கமிட்டிக்கு அனுப்பும். லேபின் பெயரை மறைத்து நம்பர் ஒட்டி, பாலக்காட்டில் கூடி மார்க் போடுவோம். சீவிய சதை கண்ணாடியில் மடிந்து ஒட்டியிருந்தால் மார்க் குறையும். நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது. "அதுக்கு டாக்டருங்க இருக்காங்க. நமக்கு வெட்டும் சாயமும்தானுங்க" என்பது அண்ணன் போட்ட சட்டம்.

ஒருமுறை கமிட்டித் தலைவரின் லேப் ஸ்லைடுக்கே அண்ணன் பத்துக்கு இரண்டு போட்டார். நம்பரைப் பிரித்துப் பார்த்த தலைவர் முகம் சிவந்து, "அந்த ரெண்டு எதுக்கு?" என்றார்.

"கண்ணாடி நல்லா இருந்துதுங்க."

இன்னொரு முறை மடிப்பு விழுந்த என் ஸ்லைடுக்கு அவர் போட்டது மூன்று. பஸ்ஸில் அழுதுகொண்டே மலையேறினேன். பாதி வழியில் அவரே போன் செய்தார். "ஏனுங்க அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. மடிப்புக்கு அடியில நோய் ஒளிஞ்சுக்குமுங்க. டாக்டர் கண்ணுக்குத் தப்பிட்டா ஒரு உசுரு போயிருமல்லங்க?" அதற்குப் பிறகு எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் இரண்டு நாள் கோபப்பட்டேன்.

போன வருஷக் கூட்டத்தில் ஏழாம் நம்பர் வந்தது. அப்படியொரு ஸ்லைடை நான் பார்த்ததில்லை. எல்லோரும் பத்து போட்டோம். அண்ணன் மட்டும் ஒன்பது.

"அண்ணே, இதுலயுமா மடிப்பு? ஒங்களுக்கே இது அநியாயமாத் தெரியலையா?"

"ஓரத்துல ஒண்ணு இருக்குதுங்க அம்மிணி. வெட்டுனவனுக்குக் கை நடுங்கிருக்கும்." ஸ்லைடை என் பக்கம் தள்ளிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நோய் தெளிவாத் தெரியுதுங்களா?"

அவர் சட்டத்தை அவரே மீறுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "பளிச்சுன்னு தெரியுது அண்ணே. பாவம், யாரோ."

"தெரிஞ்சாப் போதுமுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது. ஏழாம் நம்பர் அவருடைய லேப் ஸ்லைடு என்று அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அதில் இருந்தது அவருடைய இரைப்பைச் சதை. வேறு யாரையும் தொடவிடாமல் அவரே சீவியிருக்கிறார். டாக்டர் ஒரே பார்வையில் நோயைச் சொல்லிவிட்டாராம். நோய்தான் அதற்குள் முற்றியிருந்தது. 'யாரோ' என்று சொன்ன என் வாயை என்ன செய்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த ஸ்லைடைக் கேட்டு வாங்கி மறுபடி பார்த்தேன். ஓரத்தில் மயிரிழை போல ஒரு மடிப்பு இருக்கத்தான் செய்தது. மடிப்பு இருந்தால் ஒன்பதுதானே என்று மார்க் தாளில் என் பத்தைத் திருத்தச் சொன்னார்கள் கமிட்டியில். முடியாது என்று சொல்லிவிட்டேன், அண்ணே.