சிறுமலையில் ஒன்வே அண்ணன்

வண்டிக்கு ரிவர்ஸ் கியர் வைத்ததே வீண் செலவு என்று நம்பிய ஒரே டிரைவர், உலகத்திலேயே எங்கள் ஒன்வே அண்ணன்தான்.

காரைக்குடியில் பழைய பங்களா ஒன்றை ஓட்டலாக்கியிருந்தார்கள். நான் வரவேற்பில், அவர் வேனில். கிளம்பிய காரியம் முடியாமல் பாதியில் திரும்பக் கூடாது என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். அண்ணன் அதைச் சட்டமாக்கிவிட்டார். திருக்கோஷ்டியூர் கோயிலுக்குத் திரும்பும் விலக்கைத் தாண்டிவிட்டதால், விருந்தாளிகளுக்கு மதுரையைக் காட்டி, சிவகங்கை வழியாகக் கொண்டுவந்து சேர்த்தவர். கேட்டதற்கு, "பெருமாள் எங்குட்டுப் போயிறப் போறாரு?"

ஐப்பசியில் ஓட்டல் காலியாக இருந்த ஒருநாள், அவரும் சமையல் செல்லம்மாக்காவும் நானும் சிறுமலைக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவில் அக்கா வம்பிழுத்தார்.

"இப்ப மட்டும் திரும்புறீகளே?"

"ரோடுதானக்கா திரும்புது. நான் நேராத்தான் போறேன்."

வேனை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் உச்சிப் பாறைவரை நடந்தோம். இறங்கும்போது மழை, பின்னாலேயே மூடுபனி. கடைசியாக வந்த என் கால் வழுக்கி, இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இடது பக்கம் ஓரடியில் பள்ளம். காலை உருவ உருவ, எனக்குக் கீழே மண் கரைந்து அதில் கொட்டியது.

கத்தினேன். பனிக்குள்ளிருந்து அக்கா குரல்தான் கேட்டது.

"தம்பி மாட்டிக்கிட்டாகண்ணே, திரும்புங்க. என் முட்டி இனி ஏறாது."

கீழே செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"எங்கய்யா குடைய மறந்துட்டுப் பாதியில திரும்புனாகக்கா. பஸ்ஸு அடிச்சிருச்சு."

இத்தனை வருடம் நாங்கள் சிரித்தது இதற்குத்தான்.

"அதுக்கு, தம்பிய விட்டுட்டா போவீக?"

செருப்புச் சத்தம் நெருங்கியது. பனியிலிருந்து முதலில் வந்தது அண்ணனின் முதுகு. மனிதர் பின்பக்கமாகவே மலை ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்குட்டு தம்பி?"

"வரட்டும்… வரட்டும்… ரைட்டு ஒடிச்சு… நிக்கட்டும்ணே, பள்ளம்."

அவர் குதிகால் பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் வரவே இல்லை.

"முதுகக் காட்டிக்கிட்டுக் கல்லப் புரட்ட முடியாதுண்ணே."

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திரும்பினார். திறந்தபோது முகம் வெளுத்திருந்தது. கல்லைப் புரட்டி என் காலை எடுத்தார்.

வேன் வரைக்கும் என் கையை அவர் விடவில்லை. விரல்கள் மரத்துப்போயின. விடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.