வெறும் வயிற்றில் வந்த கழுகு

ஒரு காட்டில், புளியமரத்துக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் சென்டரில், வெள்ளைச்சாமி என்ற முயல் டாக்டராக இருந்தது. படித்த முயல்தான். ஆனாலும் சருகு அசைந்தால் மேஜைக்கு அடியில் பாயும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு நாள் வீரபாகு என்ற கழுகு, இடது பக்கம் இருந்த தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டு உள்ளே வந்தது.

"டாக்டர், இடது பக்கம் ஒண்ணுமே தெரியல. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு கொக்கு டாக்டர் சொல்லிட்டாரு. வேட்டையில எதுவுமே சிக்கல."

ஏன் சிக்கவில்லை என்று வெள்ளைச்சாமிக்குத் தெரியும். அதன் சொந்தபந்தம் முழுக்கக் கழுகுக்கு இடது பக்கமாகவே நடமாடிச் சதை போட்டிருந்தது. டாக்டரும் நைசாக அந்தப் பக்கமே நகர்ந்துகொண்டது.

"குரல் கேக்குது, ஆளைக் காணோமே?"

"இங்கதான் இருக்கேன். மெஷினுக்குள்ள போங்க."

கடகடவென்று சத்தம் போட்ட அந்தப் பொந்தைப் பார்த்ததும் கழுகு வாசல் பக்கம் பின்வாங்கியது.

"பயப்படாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு அசையாம படுங்க. கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும்," என்றது முயல்.

படம் வந்தது. கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதையில் வீக்கம். மாத்திரையிலேயே வற்றிவிடும். சொன்னால் கழுகுக்குப் பார்வை கிடைக்கும்; மறைத்தால் முயல்கூட்டம் பிழைக்கும். பாவம், வெள்ளைச்சாமி படத்தை ஒளிப்பதும் வெளியே எடுப்பதுமாக இருந்தது. கடைசியில் படித்த படிப்புதான் ஜெயித்தது. உண்மையைச் சொல்லி, மாத்திரையும் கொடுத்தது.

"இதைச் சாப்பிட்டா பசி கூடும். மாத்திரை முடிஞ்சதும் இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்," என்ற வாயில், எல்லாருக்கும் சொல்லிப் பழகிய வார்த்தை தானாக வந்து விழுந்தது. "காலையில வெறும் வயித்துல வந்துடுங்க."

கழுகு டாக்டர் பேச்சைத் தட்டாத நோயாளி. அப்படியே வந்தது. வாசலில் இறக்கைச் சத்தம் கேட்ட பிறகுதான், தான் சொன்னது முயலுக்கு உறைத்தது. ஒரே பாய்ச்சலில் மெஷினுக்குள் புகுந்துகொண்டது.

"உங்க புண்ணியத்துல இடது பக்கம் பளிச்சுனு தெரியுது டாக்டர்!" கழுகு நன்றியில் கண்கலங்கியது. "மெஷினுக்குள்ள உங்க வால்கூடத் தெரியுது. அடடா, நீங்க முயலா?"

"ஏதாவது... சாப்பிட்டுட்டு வந்திருக்கலாமே?"

"நீங்க சொன்ன பிறகு ஒரு பருக்கைகூட வாயில வைப்பேனா?" கழுகு குனிந்து பரிவோடு சொன்னது. "பயப்படாதீங்க டாக்டர். கண்ணை மூடிக்கிட்டு அசையாம படுங்க. கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும்."

நீதி: நோயாளியிடம் உண்மையைச் சொல்வதில் தவறில்லை, ஆனால் நம்மையே சாப்பிடக்கூடிய நோயாளியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வரச் சொல்ல வேண்டும்.